கண்ணாடி போட்டவளும் பக்கத்தில் நின்றவளும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் மூவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, பள்ளிக்கால நினைவுகளைச் சொல்லத்தான் அழைக்கிறார் என்று எண்ணினோம். "அதைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. நீங்கள் மூன்று பேரும் சனிக்கிழமைகளில் பறக்கவிடுகிறீர்களே, அந்தப் பூச்சியைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். ஆகவே பூச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி வங்கியில் வேலை, ஒருத்தி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பொறுப்பாக இருக்கிறாள். எங்களில் பொறியியல் படித்தவர் எவரும் இல்லை என்பதைத் தங்கைமார் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்.பீ.வி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ரிமோட்டில் ஓடும் சிறு விமானத்தின் மூக்கில் ஒரு கெமரா இருக்கும். அது பார்ப்பதை வானொலி அலையில் அனுப்பும். கீழே நிற்பவர் முகத்தை மூடும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால், விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல அந்தக் காட்சி தெரியும். சாதாரண ரிமோட் விமானத்தைத் தரையிலிருந்து பார்த்து ஓட்டுகிறோம். அது நம்மை நோக்கித் திரும்பும்போது இடமும் வலமும் மாறிப்போகும். இதில் அந்தக் குழப்பம் இல்லை. விமானத்தின் இடம்தான் உங்கள் இடம். இறக்கை வைத்த விமானத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் இறக்கை விமானம் இறங்க நீண்ட சமதரை வேண்டும். பதுளையில் சமதரைக்கு எங்கே போவது? அதனால் நாங்கள் நான்கு விசிறிகள் கொண்டதையே எடுத்தோம்.

தொடங்கிய கதை பெரிதல்ல. எங்களில் ஒருத்தியின் தம்பி கட்டாரிலிருந்து வந்தபோது பெட்டியில் ஒன்றைக் கொண்டு வந்தான். அவனுக்கு இரண்டு நாளில் அலுத்துவிட்டது. எங்களுக்கு அலுக்கவில்லை. அந்த ஆண்டு, 2018இல், சீனாவின் ஷென்ஸென் நகரில் நடந்த உலக ட்ரோன் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் வென்றது தாய்லாந்தைச் சேர்ந்த வன்ராயா வன்னபோங் என்ற 11 வயதுச் சிறுமி. அதே 2018இல்தான் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தக்ஷா அணி அவுஸ்திரேலியாவில் மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அந்த அணிக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். அவர் பல காலமாக ரிமோட் விமானம் பறக்கவிடுபவர். வீட்டில் அனுமதி வாங்க எங்களுக்கு அந்தச் சிறுமியைவிட அஜித்தான் அதிகம் உதவினார் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவது தடைசெய்யப்பட்டது. எங்கள் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. பிறகு அனுமதியோடு பறக்கவிடலாம் என்று வந்தபோதுதான், நாங்கள் எதையும் முறைப்படி செய்திருக்கவில்லை என்று உறைத்தது. கையில் பொருளை வைத்துக்கொண்டு அனுமதி தேடி அலைவது மிகவும் சங்கடமான வேலை. சிவில் விமான சேவைகள் அதிகாரசபை, பாதுகாப்பு அமைச்சு, வானொலி அலைக்காகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என மூன்று இடங்களில் கேட்க வேண்டியிருக்கும். விதிகள் எடைக்கு ஏற்பவும் காலத்துக்கு ஏற்பவும் மாறுகின்றன. ஆகவே வாங்குவதற்கு முன் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் தங்கைமாருக்குப் பரிசாக ஒன்றை அனுப்ப நினைத்தால், அவர்களும் முதலில் கேட்கட்டும்.

இனி, எப்படித் தொடங்குவது. காசு செலவழிக்கும் ஒழுங்கைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது விமானம் அல்ல, ரிமோட். அதைக் கணினியில் செருகி, சிமியுலேட்டர் விளையாட்டில் பறக்கப் பழக வேண்டும். இடது குச்சி ஏறவும் இறங்கவும், நின்ற இடத்தில் திரும்பவும். வலது குச்சி முன்னே பின்னே, பக்கவாட்டில் சாய. இரண்டு கைகளும் நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். தையல் பொறியில் காலும் கையும் சேர்ந்து ஓடுவதைப் போலத்தான். மனையியல் வகுப்பில் அழுதவர்களுக்கு இது விளங்கும். கணினியில் நூறு தடவை மோதினாலும் செலவு இல்லை. நாங்கள் ஒவ்வொருத்தியும் பதினைந்து மணித்தியாலத்துக்குக் குறையாமல் அதில் விழுந்து எழும்பினோம்.

அதன் பிறகு உள்ளங்கை அளவு விமானம். மூலைக்கு மூலை 65 மில்லிமீட்டர், பெட்டரியோடு முப்பது கிராம் அளவு. விசிறிகளைச் சுற்றி வளையம் இருப்பதால் சுவரிலும் மனிதரிலும் மோதினால் பெரிய காயம் இல்லை. ஒரு பெட்டரிக்கு மூன்று நான்கு நிமிடம் பறக்கும். நேரம் போதாது என்று தோன்றும். கண்ணாடிக்குள் நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்று போட்டுப் பார்த்தால் தெரியும். முதல் நாளில் தலை சுற்றும். உட்கார்ந்துகொண்டு பறக்கவிடுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். குச்சியை விட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும் நிலையில் ஆரம்பியுங்கள். தானே நிமிராத நிலைதான் உண்மையான பறப்பு என்று இளைஞர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். அதற்கு அவசரம் இல்லை.

பெட்டரியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். இந்த லித்தியம் பெட்டரி கைத்தொலைபேசி பெட்டரியின் உறவுதான், ஆனால் குணம் சூடானது. ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். பறக்கும்போது 3.5க்கு வந்தால் இறக்கிவிட வேண்டும். 3க்குக் கீழே போனால் கெட்டுவிடும். சில நாட்களுக்கு வைப்பதென்றால் 3.8 அளவில் வையுங்கள். உப்பிய பெட்டரியை இன்னும் ஒருதரம் பார்ப்போம் என்று பாவிக்க வேண்டாம். லயன் காம்பராவில் பலகைத் தட்டும் திரைச்சீலையும் அருகருகே இருக்கும். சீமெந்துத் தரையில் மண்சட்டிக்குள் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். இரவில் செருகிவிட்டுப் படுக்கவே வேண்டாம். இன்னொன்று: படம் அனுப்பும் கருவியில் அன்டெனா இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் அது சூடேறிக் கருகிவிடும். எங்கள் முதல் கருவி அப்படித்தான் போனது. யார் செய்தது என்று இன்றுவரை மூவரும் சொல்லவில்லை.

மலைநாட்டுக்கு என்று சில விடயங்கள் உண்டு. எங்கள் படம் 5.8 கிகாஹேர்ட்ஸ் அலையில் வருகிறது. அந்த அலை நேராகப் போகும், மண்ணைத் துளைக்காது, ஈரமான மரத்தைக்கூடத் தாண்டத் திணறும். சமவெளியில் தூரம்தான் எல்லை. இங்கே மலை மடிப்புத்தான் எல்லை. இருநூறு மீட்டர் தள்ளி, ஒரு முடுக்கைத் தாண்டி இறங்கினாலே படம் மழைத்தூறல் போலச் சிதறும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்களுக்கு நடந்தது அதுதான். படம் போனது, பிறகு ரிமோட்டின் தொடர்பும் போனது, மோட்டார்கள் தாமாக நின்றன. நிற்கும்படி நாங்களே அமைத்திருந்தோம். நிற்காமல் எங்கோ பறந்து யார் தலையிலோ விழுவதைவிட அது நல்லது. தேயிலைக்குள் இரண்டு மணித்தியாலம் தேடி, அட்டைக் கடியோடு வீடு திரும்பினோம். மறுநாள் காலை கொழுந்து பறிக்கப் போன ஒரு அக்கா கண்டெடுத்து, கூடையில் போட்டுக்கொண்டு வந்து தந்தார். "கொழுந்தோட சேர்த்து நிறுத்திருந்தா முப்பது கிராம் கூடியிருக்கும்" என்று சிரித்தார்.

காற்றும் அப்படித்தான். ஆடி ஆவணியில் வீசும் கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசனையைக் கொடுக்கிறது. அதே காற்று மலையின் மறுபக்கத்தில் கீழ்நோக்கி விழும். அங்கே போன சிறு விமானம், விசிறியை முழு வேகத்தில் சுற்றினாலும் அமிழும். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் மழையும் மூடுபனியும். ஆகவே எங்கள் நேரம் காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில். தெமோதரைப் பாலத்தில் பறக்கவிட்டீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. அங்கே ரயிலும் ஓடுகிறது, சனமும் நிற்கிறது.

இப்போது, இந்தப் பேச்சுக்கு நாங்கள் வைத்த தலைப்புக்கு வருகிறோம்.

ஓரளவு கை வந்த பிறகு, விசிறிக்கு வளையம் இல்லாத சற்றுப் பெரிய ஒன்றை, முறையாகப் பதிவுசெய்து, எடுத்தோம். தோட்டத்துரையிடமும் அனுமதி வாங்கியிருந்தோம். ஒரு காலை, மலைச்சரிவில் நிழல் மரங்களுக்கு இடையால் பறக்க ஆயத்தமானோம். ஒருத்தி கண்ணாடி போட்டுவிட்டாள். மற்ற இருவரும் போனில் காணொளி எடுக்கும் மும்முரத்தில் இருந்தோம். அப்போது கங்காணி ஒருவர் மேலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. "அந்த மூணாவது மரத்துல குளவி கட்டியிருக்கும்மா. கீழ பொம்பளைங்க நிக்கிறாங்க. நீங்க கண்ணாடிக்குள்ள இருப்பீங்க, ஓடப்போறது அவங்கதானே?"

பார்த்தோம். கூடு கிளைக்கு அடியில் பானை போலத் தொங்கியது. அதற்குக் கீழே முப்பது பேர் வரை நிரையில் நின்றார்கள். தோட்டத்தில் பிறந்த எங்களுக்குக் குளவி என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி இறந்தவர்களின் செய்தியை இந்த மண்டபத்தில் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார்கள். சரிவில், முதுகில் கூடையோடு, செடி வரிசைக்குள் எவ்வளவு வேகமாக ஓட முடியும்? நாங்கள் பெட்டரியைக் கழற்றிவிட்டோம். அன்று பறக்கவில்லை. அடுத்த இரண்டு கிழமைகளும் பறக்கவில்லை.

கண்ணாடி போட்டவளுக்குக் கெமரா பார்ப்பது மட்டும்தான் தெரியும். பக்கத்தில் வரும் பிள்ளை தெரியாது, மேலே செல்லும் மின்கம்பி தெரியாது, வலப்பக்க மரத்தில் இருப்பது தெரியாது. அதனால்தான் கண்ணாடி போடாத ஒருவர் அருகில் நின்று விமானத்தைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைப் பல நாடுகளில் விதியாகவே வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்த விதியை வாசித்திருந்தோம். அந்த வேலையைச் சும்மா நிற்கிற வேலை என்று நினைத்திருந்தோம். இப்போது எங்களிடம் அந்த இடத்துக்குத்தான் முதல் பயிற்சி. அவள் போனைத் தொடக் கூடாது. "இறக்கு" என்று அவள் சொன்னால் ஏன் என்று கேட்காமல் இறக்க வேண்டும். பறப்பதற்கு முன் அந்த மலையில் வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு வருவதும் அவள் பொறுப்பு. துரையின் அனுமதிக் கடிதத்தில் குளவிக்கூடு இருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதற்குப் பிறகு, எங்கள் லயன்களுக்கு மேலே மலை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை இங்கே எல்லோருக்கும் உண்டு. எங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தது. பறந்து பார்த்தோம். பச்சைதான் தெரிந்தது. வேகமாக ஓடும் இந்தச் சிறு கெமரா வெடிப்பை அளக்காது. அதற்கு ஒரே உயரத்தில் கோடு போட்டது போலப் பறந்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படமெடுக்கும் வேறு வகை ட்ரோனும், அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். நிலத்தில் வெடிப்போ, திடீரெனப் புதிய ஊற்றோ, சாய்ந்த மரமோ கண்டால் கிராம சேவகரிடம் சொல்லுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். எங்கள் காணொளியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மலை நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒருவர் அப்படிக் கேட்டார், அதனால் சொல்கிறோம்.

லயன்களுக்கு மேலேயும் நாங்கள் பறப்பதில்லை. வாசலில் குளிப்பவர்களும், முடி உலர்த்துபவர்களும் இருப்பார்கள். ஒரே ஒரு தடவை, எங்களில் ஒருத்தியின் அம்மா கேட்டதற்காக, அந்த லயத்தில் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டுப் பறந்தோம். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். இரண்டாவது கண்ணாடியை அவருக்கு மாட்டினோம். "அடியே, நம்ம தகரம் இவ்வளவு துருப்புடிச்சுக் கெடக்கா?" என்றார் முதலில். பிறகு வீட்டுக்குப் பின்னாலுள்ள மலைப்பக்கம் திருப்பச் சொன்னார். அவர் ஆண்டுக்கணக்காக நிரை பிடித்த இடம் அது. இப்போது அங்கே தேயிலை இல்லை, மானாப்புல்தான். "நாலாம் நம்பர் மலை காடாப் போச்சே" என்றார். இன்னும் கொஞ்சம் கிட்டப் போகச் சொன்னார். பெட்டரி 3.5க்கு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் "இறக்கு" என்றாள், இறக்கினோம். இன்னொரு பெட்டரி இருக்கிறதா என்று அம்மா கேட்டார். இருந்தது.

மதிய உணவுக்குப் பின் இந்த மண்டபத்தில் கதிரைகளை ஓரமாக்கிவிட்டு, உள்ளங்கை அளவுள்ள அந்தச் சின்னதைப் பறக்கவிடப் போகிறோம். பன்னிரண்டு பெட்டரி இருக்கிறது, ஆகவே பன்னிரண்டு பேர். பார்வைக்கண்ணாடி அணிபவர்கள் முதலில் வாருங்கள், பொருத்த நேரம் எடுக்கும். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். மின்விசிறிகளை நிறுத்தும்படி காரியாலயத்தில் சொல்லியிருக்கிறோம்.