பட்டம் கையில், மேற்படிப்பா, வேலையா?

(மும்பையில் நம் சங்கம் கூட்டிய மாணவர் - பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவியானாலும் செம்பூரானாலும் சயான் கோலிவாடாவானாலும், முடிவு வந்த மறுநாள் நம் வீடுகளில் எழுவது ஒரே கேள்விதான்: அடுத்து என்ன? பிள்ளை எம்.ஏ. என்கிறான். தகப்பன் வாய் திறப்பதில்லை. தாய், "நாம்தான் படிக்கல, அவனாவது படிக்கட்டுமே" என்கிறாள். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்ற காசில் மகனை பி.காம். வரை கொண்டுவந்த தாயின் சொல் அது. அந்தச் சொல்லுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

கல்வியில் கணக்கா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வசதி உள்ள வீட்டில் கணக்கு வேண்டாம்தான். நம் வீட்டில், அண்ணன் எம்.ஏ. படிக்கும் இரண்டு ஆண்டுகள் தங்கை பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஆண்டுகளாகவும் இருக்கின்றன. மாதம் பதினெட்டாயிரம் ரூபாய் வேலை ஒன்று கிடைப்பதாக வையுங்கள். அதை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் படித்தால் 4,32,000 ரூபாய் வீட்டுக்கு வராது. கட்டணம், ரயில் பாஸ், புத்தகம் எல்லாம் அதற்கு மேல். இத்தனை கொடுத்து வாங்கும் மேற்படிப்பு, பட்டம் திறக்காத எந்தக் கதவைத் திறக்கிறது? இதைக் கேட்காமல் விண்ணப்பத்தாள் வாங்கக் கூடாது என்பேன்.

ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட குடிமைப்பணித் தேர்வுக்குப் பட்டம் போதும். வங்கி அதிகாரித் தேர்வுக்கும், ஸ்டாப் செலக்‌ஷன் கமிஷனின் பட்டதாரித் தேர்வுக்கும், தமிழ்நாட்டின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் பட்டம் போதும். இவற்றை எழுத நினைக்கிறவன் "சும்மா இருப்பானேன்" என்று எம்.ஏ.வில் சேர்ந்தால், அதையும் ஒழுங்காகப் படிக்கமாட்டான், இதையும் படிக்கமாட்டான். வேலை கிடைக்காத வெட்கத்தை மறைக்க நம் பிள்ளைகள் பலர் முதுகலை வகுப்பில் போய் உட்காருகிறார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை; வேலை தராத அரசின் குற்றம் அது. ஆனால் காத்திருக்கும் அறைக்கு நாம் ஏன் வாடகை கட்ட வேண்டும்?

பி.காம். முடித்தவர்களுக்கு ஒரு சொல். 55 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் சி.ஏ.யின் முதற்படித் தேர்வு இல்லாமலே இடைநிலைக்கு நேரே சேரலாம். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆடிட்டரிடம் பயிற்சிக்காலம் மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. பயிற்சியின்போது சிறு தொகையும் உண்டு. தேர்வு கடினம், பலர் தோற்கிறார்கள். ஆயினும் அது ஒரு தொழிலின் வாசல். வெறும் எம்.காம். அப்படியன்று. எம்.காம். வேண்டுமென்றால் வேலையில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் படிக்கலாம்.

மேற்படிப்பு இல்லாமல் முடியவே முடியாத வழிகளும் உண்டு. கல்லூரி ஆசிரியராக வேண்டுமா? முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 50. அதற்கு மேல் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வு என்று 2023 ஜூலையில் யு.ஜி.சி. விதியைத் திருத்தியது. நெட்டில் உயர்ந்த மதிப்பெண் பெற்று ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால், 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். கூலி வேலை செய்யும் வீட்டுக்கு அது சிறிய தொகையல்ல. ஆராய்ச்சி, சமூகப்பணி, உளவியல் ஆலோசனை ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் முதுகலைதான் நுழைவாயில்.

ஆனால் நெட் தேறியவர்களுக்கெல்லாம் நாற்காலி காத்திருக்கவில்லை. காலியிடங்களை நிரப்பாமல் மணிக்கணக்குக் கூலிக்கு ஆசிரியர்களை வைத்துக் கல்லூரிகளை நடத்துகிறார்கள். தேர்வாவது ஒழுங்காக நடக்கிறதா? 2024 ஜூன் 18 அன்று எழுதிய நெட் தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். கடன் வாங்கிப் படித்து, ரயிலேறிப் போய் எழுதிவிட்டு வந்தவனை யார் நினைத்தார்கள்!

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்பதை மதிப்பெண் மட்டும் தீர்மானிப்பதில்லை. சாதிச் சான்றிதழும் தீர்மானிக்கிறது. 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதே மும்பையின் மருத்துவக் கல்லூரி இடம் பற்றியது. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த மாணவர், மகாராஷ்டிரத்திலும் அந்த உரிமையைக் கேட்டார். பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, குடிபெயர்ந்தவர் அதைக் கையோடு கொண்டுவர முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீண்டாமை மட்டும் ரயிலில் டிக்கெட் இல்லாமல் நம்மோடு வந்துவிடுகிறது. உரிமை எல்லையிலேயே இறக்கிவிடப்படுகிறது!

ஆகவே, தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள நம் பிள்ளை, மாநில அரசின் ஒதுக்கீட்டில் இங்கே இடம் கேட்க முடிவதில்லை. ஆனால் மத்திய அரசின் நிறுவனங்களில் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். இது தெரியாமல் பொதுப்பிரிவில் விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல், கடைசியில் தனியார் கல்லூரியில் பணம் கட்டுகிறார்கள் நம் ஆட்கள். பவாயில் ஐ.ஐ.டி. இருக்கிறது, பி.எஸ்ஸி. முடித்தவர்கள் ஜாம் தேர்வு எழுதி அங்கே எம்.எஸ்ஸி. சேரலாம். தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 2023 முதல் அதன் முதுகலைச் சேர்க்கை மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு வழியே நடக்கிறது. ஐதராபாத், புதுச்சேரி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் அதே தேர்வுதான். பிற்படுத்தப்பட்டோருக்கு இந்த நிறுவனங்களில் 27 விழுக்காடு இடம் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி எந்த மாநிலத்தின் கீழ் இருக்கிறது என்று பார்த்துச் சான்றிதழ் வாங்குங்கள். ஊரில் தகப்பன் பெயரிலோ தாத்தா பெயரிலோ தாசில்தார் கொடுத்த பழைய சான்றிதழ் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். அதுதான் ஆதாரம்.

இந்த அரசு நிறுவனங்களில் இடம் கிடைத்தால், வீடு எப்படியாவது தாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. கிடைக்காவிட்டால், பெரிய பலகை வைத்த தனியார் எம்.பி.ஏ. கல்லூரிக்குக் கடன் வாங்கி ஓடாதீர்கள். ஏழரை இலட்சம் வரை ஈடு இல்லாமல் வங்கி தரும் என்பது உண்மை. ஆனால் தகப்பனும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுகிறார். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்கமாட்டார்கள். வட்டி அதுவரை தூங்கிக்கொண்டிருக்காது. 2024-இல் அறிவித்த வித்யாலட்சுமித் திட்டத்தின் வட்டிச் சலுகையும் தேர்ந்தெடுத்த தரமான நிறுவனங்களுக்குத்தான்.

அஞ்சல்வழிக் கல்வி என்று தெருவுக்குத் தெரு கடை திறந்திருக்கிறார்கள். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. இங்கே மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மும்பைப் பல்கலைக்கழகமே தொலைநிலைக் கல்வி தருகிறது. அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் யு.ஜி.சி. தெளிவுபடுத்தியிருக்கிறது.

தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறேன். மகன் எம்.ஏ. என்றால் முதலீடு, மகள் எம்.ஏ. என்றால் மாப்பிள்ளை கிடைக்கும்வரை பொழுதுபோக்கு, அதுவும் அதிகம் படித்தால் அதற்கு மேல் படித்த மாப்பிள்ளை தேட வேண்டுமே என்ற பயம்! நான் சொன்ன கணக்கை இருவருக்கும் ஒன்றுபோலப் போடுங்கள். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. மணமான பெண்ணும் எழுதலாம்.

குடிபெயர்ந்த தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு, பிறந்து வளர்ந்த மாநிலத்திலும் கல்வி உரிமை வேண்டும் என்று இரு மாநில அரசுகளுக்கும் மத்திய அரசுக்கும் சங்கம் மனு தயாரித்திருக்கிறது. வாசலில் மேசைமேல் இருக்கிறது, கையொப்பமிட்டுச் செல்லுங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் நம் தோழர்கள் விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து தருவார்கள். மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை, ஊரிலிருந்து வந்த பழைய சான்றிதழ் எதுவானாலும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வாருங்கள்.