படம் எழும் புத்தகமும் படிக்கும் பிள்ளையும்
(ஒரு படிப்பகக் கூட்டத்தில் பேசியது)



பிள்ளைகளைப் படிக்கத் தூண்டுவதற்கென்று இக்காலத்தில் ஒருவகைப் புத்தகம் வந்திருக்கிறது. பக்கத்திற்கு நேரே கைப்பேசியைப் பிடித்தால், திரையில் அப்பக்கத்தின் மீதே யானை எழுந்து நடக்கிறது. இதற்கு மிகைமெய்ம்மை என்று பெயர். மந்திரமுமில்லை, மாயமுமில்லை. கேமரா பக்கத்திலுள்ள அடையாளத்தைக் கண்டுகொள்ளுகிறது. கருவி கோணத்தைக் கணக்கிட்டு உருவத்தை வரைகிறது. அவ்வளவே. 2001-லேயே பில்லிங்ஹர்ஸ்ட், கேட்டோ, புப்பிரெவ் ஆகிய மூவர் 'மேஜிக் புக்' என்று இதைச் செய்து காட்டினார்கள்.

இதை நாம் வேண்டாமென்று சொல்லவரவில்லை. புத்தகத்தைக் கண்டு ஓடும் பிள்ளை அதனருகே வந்து உட்காருமானால் லாபந்தான். ஆனால், உட்கார்ந்த பிள்ளை எழுத்தைப் பார்க்கிறதா, யானையை மாத்திரம் பார்க்கிறதா? 2012-இல் சோனி கம்பெனி 'வொண்டர்புக்' என்று ஒன்றை விற்றது. அதன் தாள்களில் இருந்தவை கருவிக்கான குறிகள். கதையெல்லாம் தொலைக்காட்சித் திரையில். கருவியை அணைத்தால் புத்தகம் ஊமை!

அன்று புராணங் கேட்ட ஜனங்களும் வாய்பிளந்துதான் கேட்டார்கள். எழுத்து மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. ஆச்சரியப்படுகிறவன் வேறு, அறிகிறவன் வேறு அல்லவா?

ஆகையால் பெற்றோர்களே! யானை எழுந்ததும், "இது எங்கே வாழுகிறது? என்ன தின்கிறது?" என்று கேளுங்கள். விடையுள்ள வரியில் பிள்ளையின் விரலை வையுங்கள். கைப்பேசி இல்லாத ஏழைப் பிள்ளைகளுக்காகப் படிப்பகத்தில் ஒன்றை வைத்துப் பத்துப்பேரைச் சேர்ந்து பார்க்கச் செய்யுங்கள். திரை அணைந்த பின்னும் பிள்ளையின் கை பக்கத்தைத் திருப்புமானால், அதுவே படிப்பு.