பெட்டி மேல போட்ட வாட்ஸ்

பிள்ளைக்குப் பரிசா ஒரு சின்ன ஸ்டீரியோ செட் வாங்கப் போறீங்களா? அட்டைப்பெட்டி மேல ஆயிரக்கணக்குல வாட்ஸ் போட்டிருக்கும். பக்கத்துல பி.எம்.பி.ஓ.ன்னு இருந்தா மயங்கிடாதீங்க. அது ஒரு நொடிகூட நிலைக்காத உச்சம். ஓடிப்போய் பஸ் பிடிக்கிற வேகத்தை வெச்சு, தினம் நடக்கிற நடையைக் கணக்குப் போடற மாதிரி!

நீங்க தேட வேண்டியது ஆர்.எம்.எஸ். தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான். பெட்டிக்குப் பின்பக்கம் பொடி எழுத்துல ஒளிஞ்சிருக்கும். ஆர்.எம்.எஸ்., ஞாபகம் வெச்சுக்குங்க. பிள்ளையோட அறைக்குப் பத்து வாட்ஸே தாராளம், காதுக்கும் நல்லது.

கடைக்காரர் அதிர அதிர வெச்சுக் காட்டுவார். அவர் பிழைப்பு அது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க. அப்பவும் தபேலா தனியா, குரல் தனியா கேக்குதா? தாராளமா பில் போடச் சொல்லலாம்.