எங்கே நிறுத்துவது?
(ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



துணியைத் துவைத்ததும் சொட்டச் சொட்டக் கொடியில் போடுவோமா? பிழிஞ்சுதான் போடுவோம். என் தொழிலும் ஏறத்தாழ அதுதான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் சேற்றிலிருந்து தண்ணீரை எடுப்பது. அந்தச் சேற்றில் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் உடல். உலர்ந்தால் எரிபொருள், ஈரமாகவே இருந்தால் வெறும் லாரி வாடகை!

பெல்ட் பிரஸ்ஸில் அழுத்திய பிறகும் அதில் சுமார் 80 சதவீதம் தண்ணீர் நிற்கும். ஒரு டன் சேற்றை 60 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவரக் கணக்குப் போடுவோம். திடப்பொருள் 200 கிலோ. அப்படியானால் மொத்த எடை 500 கிலோவாகக் குறைய வேண்டும். சதவீதத்தில் இருபதுதான் இறங்குகிறது. எடையில் பாதி போகிறது. அந்த 500 கிலோ தண்ணீரை ஆவியாக்க, கிலோவுக்கு 0.63 யூனிட் வீதம், 300 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும்.

ஆவியாக்காமல் எடுக்க ஒரு வழி உண்டு. ஈரக் களிமண்ணில் மின்சாரம் செலுத்தினால் தண்ணீர் நகர்கிறது என்பதை ராய்ஸ் என்பவர் மாஸ்கோவில் 1809-லேயே வெளியிட்டார். இதுதான் எலக்ட்ரோ ஆஸ்மாசிஸ். சேற்றுத் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம். அவற்றை ஒட்டிய தண்ணீரில் நேர் அயனிகள் கூடியிருக்கும். நேர்மின்சாரம் கொடுத்தால் அந்த அயனிகள் எதிர்மின்வாயை நோக்கி ஓடும். தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே வடிதுணி வைத்து வடித்துவிடலாம்.

சரி, முழுசா இப்படியே உலர்த்திடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. நேர்மின்வாய்ப் பக்கம் முதலில் காய்ந்துவிடும். மின்தடை ஏறும். அதன்பின் கொடுக்கும் மின்சாரம் தண்ணீரை நகர்த்தாது, சேற்றைச் சூடாக்கும். முதலில் வரும் தண்ணீர் மலிவு. கடைசியில் வருவது விலை அதிகம்.

இன்னொன்று. அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் செலவாகிறது. ஆகவே கிலோ தண்ணீருக்கு 0.2 யூனிட் மின்சாரம் தாண்டினால், எரிபொருள் கணக்கில் நாம் மிச்சம் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு, மீதியை வெயிலிடமோ பாய்லரின் கழிவு வெப்பத்திடமோ விட வேண்டும்.

தம்பி, தங்கைகளே! எந்த இயந்திரத்தை விற்க வந்தாலும் "கடைசிக் கிலோவுக்கு எத்தனை யூனிட்?" என்று கேளுங்கள். சராசரியைச் சொல்லி நழுவுவார்கள், விடாதீர்கள். தொடங்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். நிறுத்தத் தெரிந்தவரே பொறியாளர்.