தொற்றுநோயும் மக்கள்தொகை அமைப்பும்

தொற்றுநோய்க்கு ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இல்லை என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அனுபவம் இக்கூற்றை முழுமையாக ஆதரிப்பதில்லை. நோய் யாரைப் பற்றுகிறது என்பது ஒரு கேள்வி. பற்றியவர்களுள் யார் இறக்கின்றனர் என்பது வேறொரு கேள்வி.

முதற் கேள்விக்கு மும்பை மாநகரம் விடை தருகிறது. 2020 ஜூலையில் அந்நகரின் மூன்று வட்டங்களில் கொரோனா தொற்றினைக் கண்டறிய இரத்த மாதிரி ஆய்வு நடைபெற்றது. குடிசைப் பகுதிகளில் பரிசோதிக்கப்பட்டோரில் சுமார் 57 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அதே வட்டங்களின் பிற குடியிருப்புகளில் இது சுமார் 16 விழுக்காடே. ஓர் அறையில் பலர் உறங்குவதும், பல குடும்பங்கள் ஒரே கழிப்பிடத்தைப் பயன்படுத்துவதும் நோய் பரவ ஏதுவாகின்றன. தண்ணீருக்கும் கூலிக்கும் நாள்தோறும் வெளியே சென்றாக வேண்டியவர், வீட்டினுள் இருக்குமாறு கூறும் அறிவுரையை எங்ஙனம் கடைப்பிடிப்பார்?

இரண்டாம் கேள்வியில் வயது முதலிடம் பெறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, 60 வயதைக் கடந்தோர் கேரளத்தில் 12.6 விழுக்காடு, பீகாரில் 7.4 விழுக்காடு. ஆனால் ஒரு சதுர கிலோமீட்டரில் பீகாரில் 1,106 பேரும் கேரளத்தில் 860 பேரும் வாழ்ந்தனர். நெருக்கத்தை மட்டும் நோக்குபவர் பீகாருக்கே ஆபத்து மிகுதி என்பர். வயதை மட்டும் நோக்குபவர் கேரளத்தைச் சுட்டுவர். இரண்டையும் இணைத்துக் காண்பதே முறை. 2021 மார்ச் முதல் நாளில் பொதுமக்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, 60 வயதைக் கடந்தோருக்கும், 45 வயதைக் கடந்த நோயாளிகளுக்கும் முன்னுரிமை தரப்பட்டதன் காரணமும் இதுவே.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை தேவை. 2019-இல் நாட்டில் பதிவான இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கே மருத்துவர் காரணம் சான்றளித்திருந்தார். எனவே, பதிவேட்டில் நோய் மரணம் குறைவாக உள்ள மாவட்டத்தை நலமிக்க மாவட்டம் என்று கொள்வது தவறாகும். அங்கே குறைந்திருப்பது மரணமா, மருத்துவரா என்று முதலில் வினவுதல் வேண்டும். இல்லையேல், உதவி மிகவும் தேவைப்படும் இடத்திற்கே நிதியும் படுக்கைகளும் குறைவாகச் சென்று சேரும்.

ஆகவே முதியோர் எண்ணிக்கை, அறையொன்றுக்கு வாழ்வோர், பொதுக் கழிப்பிடத்தைச் சார்ந்திருப்போர், இறப்புப் பதிவின் நிலை ஆகிய நான்கு விவரங்களும் வட்டந்தோறும் ஆயத்தமாக இருத்தல் நலம். நோய் வந்தபின் இவற்றைத் திரட்ட அவகாசம் இராது. அமைதிக் காலத்தில் எழுதப்படும் பதிவேடே ஆபத்துக் காலத்தில் உயிர் காக்கும் கருவியாகிறது.