பாரவண்டியின் வில் தளரும்போது



ஒரு லொறியின் எஞ்சின் பழுதுபட்டால் அது தன் குறையைத் தானே சொல்லிவிடும். புகை கக்கும், இரையும், ஏற்றத்தில் இழுக்கமாட்டாமல் நின்றுவிடும். ரயரில் காற்றுப் போனால் வழியால் போகும் சிறுவனும் சாரதியைக் கூப்பிட்டுச் சொல்லுவான். ஆனால், வண்டியையும் அதன் பாரத்தையும் இரவு பகலாகச் சுமக்கின்ற வில் தளர்ந்தால் அதைச் சொல்வார் இல்லை. அது ஒரே நாளில் தளர்வதுமில்லை. மாதக் கணக்கில், மயிரிழை மயிரிழையாகத் தளர்கின்றது. நாள்தோறும் அதே இருக்கையிலிருந்து ஓட்டுகின்ற சாரதியும் அந்த மாற்றத்துக்கு இசைந்துவிடுகின்றார். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அவருடைய கை தன்னை அறியாமலே மறு பக்கம் திருப்பிப் பிடிக்கப் பழகிவிடுகின்றது. ஆதலின், நல்ல சாரதி என்று பெயரெடுத்தவருக்கே இக்குறை கடைசியாகத் தெரியவருவதும் உண்டு. தளர்ந்த வில்லை ஓட்டிப் பார்த்து அறிவது அரிது. நிறுத்திப் பார்த்தே அறிய வேண்டும். இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட செய்தி இதுவே.

வில் என்ற சொல் நமக்குப் புதியதன்று. மாட்டு வண்டிக் காலத்திலேயே, உருக்குத் தகடுகளை வளைத்து அச்சின்மேல் வைத்துக் கட்டிய வண்டியை வில்வண்டி என்றார்கள். இன்றும் நமது வீதிகளில் ஓடும் கல் லொறி, மணல் லொறி, மரக்கறி லொறி என்பவற்றுட் பெரும்பாலானவற்றைத் தாங்குவது அதே முறையில் அமைந்த தகட்டு வில்லே. ஒன்றைவிட ஒன்று நீளம் குறைந்த பல தகடுகளை அடுக்கி, நடுவே ஓர் ஆணியாற் கோத்து, யூ போல்ட் எனப்படும் வளைந்த ஆணிகளால் அச்சோடு இறுகக் கட்டியிருப்பார்கள். எல்லாவற்றிலும் நீளமானது தாய்த்தகடு. அதன் நுனிகள் வளையமாகச் சுருட்டப்பட்டு, வண்டியின் சட்டகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும்.

இந்த வில் செய்யும் வேலை என்ன? குலுக்கலைக் குறைத்துச் சாரதிக்குச் சுகம் தருவதே அதன் வேலை என்று பலர் எண்ணுகின்றார்கள். அது அதன் வேலைகளுட் சிறியது. வில்லுக்கு மூன்று பெரிய கடமைகள் உண்டு. பாரத்தைத் தாங்குவது ஒன்று. குண்டிலும் மேட்டிலும் சில்லைத் தரையோடு சேர்த்து வைத்திருப்பது இரண்டு. மூன்றாவதைப் பலர் நினைப்பதில்லை: அச்சை அதன் இடத்திலே பிடித்து வைத்திருப்பதும் இந்த வில்தான். சாரதி பிறேக்கை மிதிக்கும்போது அச்சு முறுகவும் பின்னோக்கி நகரவும் பார்க்கும். தகட்டு வில் உள்ள பெரும்பாலான லொறிகளில் அந்த இழுப்பையெல்லாம் தாய்த்தகடும் அதன் ஆணிகளுமே தாங்குகின்றன. ஆகவே, வில் தளர்ந்த வண்டி குலுங்கும் வண்டி மாத்திரமன்று; நேரே செல்லாத வண்டி, நிறுத்த முடியாத வண்டி. தரையை விட்டுத் துள்ளிய சில்லை எந்தப் பிறேக்கும் நிறுத்தாது.

இனி, நிறுத்திப் பார்க்கும் முறைக்கு வருவோம்.

முதலில் வண்டியைச் சமதரையில், பாரமின்றி நிறுத்துங்கள். பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றதா? கண் ஏமாற்றும், ஆதலால் அளவு நாடாவை எடுங்கள். சில்லின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள சேற்றுத்தகட்டின் விளிம்புவரை, இரு பக்கமும் அளந்து பாருங்கள். எண்ணெய்த் தாங்கியும் மின்கலமும் ஒரு பக்கம் இருப்பதனாற் சிறு வேறுபாடு வரலாம். ஆனால், வண்டி நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த அளவு ஒரு கொப்பியில் எழுதியிருந்தால், இன்றைய அளவு உண்மையைச் சொல்லிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து எழுதிவரும் சாரதியிடம் வில் எதையும் ஒளிக்க முடியாது.

அடுத்து, வில்லடுக்கைப் பாருங்கள். முன்பே சேற்றைக் கழுவிவிட வேண்டும். தகட்டின் குறுக்கே மெல்லிய துருக்கோடு ஓடினால், அது பெரும்பாலும் வெடிப்பின் அடையாளம். வெடிப்புக்குள் நீர் புகுந்து, துருவாகக் கசிகின்றது. அடுக்கில் ஒரு தகடு பக்கவாட்டில் விலகி நின்றாலும், இரு தகடுகளுக்கிடையே முன்பில்லாத இடைவெளி தெரிந்தாலும், உள்ளே முறிவு இருக்கலாம். யூ போல்ட்டின் அடியில் துருப்பொடி கசிந்திருந்தாலோ, இரும்பு தேய்ந்து பளபளத்தாலோ, அந்த ஆணி இறுக்கம் இழந்து உள்ளே அசைவு நிகழ்கின்றது என்று அறிக. இதை அற்பமென்று விட்டுவிடக் கூடாது. நடு ஆணிக்காகத் துளையிட்ட இடமே தகட்டின் மெலிந்த இடம். யூ போல்ட் இறுக்கமாக உள்ளவரை அந்த இடம் வளைவதில்லை. இறுக்கம் குறைந்தால் அந்த இடமும் வளையத் தொடங்கும். பிறகு துளையிலேயே தகடு முறியும். புது வில் போட்டபின் சில நாள் ஓடிய வண்டியை மீண்டும் கராச்சுக்குக் கொண்டுபோய் யூ போல்ட்டுகளை இறுக்குவிக்க வேண்டும் என்று சொல்வது இதனாலேயே.

நடு ஆணி அறுந்தால் இன்னொரு விபரீதம் உண்டாகும். அச்சு வில்லின்மேல் நழுவி, ஒரு பக்கம் முன்னும் மறு பக்கம் பின்னுமாக நிற்கும். அப்போது வண்டி நண்டைப் போல ஒருக்களித்து ஓடும். இதைக் காண்பதற்கு வண்டிக்கு வெளியே ஒருவர் வேண்டும். மழை பெய்து ஓய்ந்த நேரான தெருவில் லொறியை ஓட்டச் செய்து, பின்னே நின்று தடத்தைப் பாருங்கள். பின்சில்லுகளின் தடம் முன்சில்லுகளின் தடத்துக்கு இரு புறமும் ஒப்பாக விழ வேண்டும். ஒரு புறமாகத் தள்ளி விழுந்தால் அச்சு கோணிவிட்டது. முன்சில்லின் மையத்துக்கும் பின்சில்லின் மையத்துக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தாலும் இது வெளிப்படும்.

மூன்றாவதாக ரயரைப் பாருங்கள். வண்டியின் கீழே நடப்பவற்றையெல்லாம் எழுதிவைக்கும் ஏடு ரயர். கையை வட்டமாகத் தடவிக்கொண்டு போகும்போது மேடும் பள்ளமுமாக, சிப்பி சிப்பியாகத் தேய்ந்திருந்தால், அந்தச் சில்லு தரையில் ஓடவில்லை, துள்ளித் துள்ளிப் போயிருக்கின்றது என்று பொருள். அதிர்வு தாங்கி, அதாவது ஷொக் அப்சோபர், வேலை செய்யாததே இதற்கு வழக்கமான காரணம். சில்லின் சமநிலைக் குறைவும் காரணமாகலாம். ஒரே ஓரம் மாத்திரம் தேய்ந்திருந்தால் அச்சின் கோணலையோ சுக்கானின் அமைப்பையோ ஐயுற வேண்டும். ரயரின் மேற்புறத்தில் அல்லது சேற்றுத்தகட்டின் உட்புறத்தில் புதிதாக உரசிய தடம் இருந்தால், பாரம் ஏறும்போது பெட்டி சில்லின்மேல் வந்து இருக்கின்றது.

அதிர்வு தாங்கியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. காரின் மூலையை அமுக்கிப் பார்ப்பதுபோல் லொறியை அமுக்க முடியாது. ஆனால், குண்டும் குழியுமான வீதியிற் சிறிது தூரம் ஓடிவந்து நிறுத்தியதும், சூடு சுடாமல் அவதானமாக, அதிர்வு தாங்கியின் உடலைத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்தது சூடாக இருக்கும். ஏனெனில், அது துள்ளலை விழுங்கிச் சூடாக மாற்றுகின்றது. ஒன்று சூடாகவும் அதன் இணை குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது பெயருக்குத் தொங்குகின்றது. அதன் உடல்வழியே எண்ணெய் வழிந்திருந்தால் சோதனையும் வேண்டியதில்லை.

நான்காவதாகக் காதைப் பயன்படுத்துங்கள். பிறேக் பிடிக்கும்போது ஒரு முறையும் மீண்டும் எடுக்கும்போது ஒரு முறையும் கீழே “தடக்” என்று இரும்பு மோதுகின்றதா? வில்லின் வளையத்திலுள்ள ஆணியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்திருக்கக் கூடும். கிறீஸ் காணாத ஆணிகள் இவ்வாறு விரைவில் தேயும். மெக்கானிக் சட்டகத்தை ஜாக்கியால் உயர்த்தி, பாரத்தை வில்லிலிருந்து விலக்கி, அலவாங்கால் நெம்பிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். இதைச் செய்பவர் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, சட்டகத்தின் கீழ் உறுதியான தாங்கு கால்கள் வைக்காமல் ஒருபோதும் வண்டியின் கீழ்ப் புகுதல் ஆகாது. ஜாக்கி உயர்த்துவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று.

புதிய பெரும் பாரவண்டிகள் சிலவற்றில் உருக்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகளே பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றை விடியற்காலையில், எஞ்சினை இயக்குமுன் பார்க்க வேண்டும். இரவில் நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்திருந்தால் காற்றுக் கசிகின்றது. பையின் மடிப்புகளில் றப்பர் வெடித்திருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும்.

குறையைக் கண்டபின் நாம் செய்யும் பிழையான வைத்தியங்களையும் சொல்ல வேண்டும். முறிந்த தகட்டை ஒட்டி ஓட்டுவது முதலாவது. வில்லின் உருக்கு பதமிடப்பட்ட உருக்கு. ஒட்டும் நெருப்பு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டிய இடத்தின் அருகே அது மறுபடியும் முறியும். இம்முறை முன்னறிவிப்பின்றி முறியும். ஒரு பக்கத்து வில்லை மாத்திரம் மாற்றுவது இரண்டாவது. ஒரு பக்கம் புதிதும் மறு பக்கம் பழையதுமான வண்டி சாய்ந்தே ஓடும்.

மூன்றாவது வைத்தியமே மிகவும் கொடியது. மிகவும் விரும்பப்படுவதும் அதுவே. வில் தாழ்ந்துவிட்டது என்று மேலும் இரண்டு தகடுகளைச் செருகி, அதன் பலத்தில் மேலும் பாரம் ஏற்றுகின்றார்கள். தகடு கூடியதால் அச்சின் பலம் கூடவில்லை. பிறேக்கின் பலம் கூடவில்லை. ரயரின் பலமும் கூடவில்லை. இன்னுமொன்று. பல லொறிகளில் பெட்டி எவ்வளவு தாழ்ந்திருக்கின்றது என்பதைக் கொண்டு பாரத்தை அறிந்து, பின்சில்லுகளுக்குச் செல்லும் பிறேக் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் விடும் ஒரு வால்வு உண்டு. தகடுகளைக் கூட்டிப் பெட்டியை உயர்த்தினால், முழுப் பாரம் ஏறிய வண்டியை அந்த வால்வு வெறும் வண்டி என்று எண்ணி, பின்பிறேக்கைக் குறைத்துவிடும். வில் தளர்ந்து பெட்டி தாழ்ந்தாலோ, வெறும் வண்டியைப் பாரவண்டி என்று எண்ணி, நனைந்த வீதியில் பின்சில்லுகளைப் பூட்டிவிடும். இரு வகையிலும் ஆபத்து.

கூடிய பாரத்தின் பழியை வீதியும் சுமக்கின்றது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லொறிகளை ஓட்டிப் பெரியதொரு வீதிச் சோதனை நடத்தினார்கள். ஓர் அச்சின் பாரம் இருமடங்கானால் வீதிக்கு உண்டாகும் தேய்வு ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது அதிலிருந்து பெறப்பட்டது. பாரம் மிகுந்த லொறி வீதியிற் குண்டை உண்டாக்குகின்றது. அக்குண்டு அடுத்த லொறியின் வில்லை முறிக்கின்றது.

நமது நாட்டில் பாரவண்டிகள் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். நல்லதே. ஆயினும், சான்றிதழ் ஒரு நாளைய நிலையைச் சொல்வது. வில் தளர்வதோ மற்றைய 364 நாட்களில். வட அமெரிக்காவில் வீதியோரத்தில் மறித்துச் சோதிப்பவர்கள், ஒரு வில்லடுக்கில் நாலில் ஒரு பங்கு தகடுகள் முறிந்திருந்தால், அல்லது தாய்த்தகடு முறிந்திருந்தால், அவ்விடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுகின்றார்கள். அந்த விதியைச் சாரதி தனக்குத் தானே விதித்துக்கொள்ளலாம் அன்றோ? முதலாளிமாரும், அப்படி நிறுத்துகின்ற சாரதியைச் சோம்பேறி என்று ஏசாதிருக்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி றம்பொடை முடக்குகளில் இறங்கும் லொறிக்கும், கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கும் லொறிக்கும், முறியப்போகும் தாய்த்தகடு எங்கே முறியும் என்று யார் கண்டார்? பாரம் முன்னே தள்ள, பிறேக்கை முழுமூச்சாக மிதிக்கும் இடத்திலேயே அதற்கு இழுப்பு அதிகம். அங்கே ஒரு பக்கம் பள்ளத்தாக்கு; மறு பக்கம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். ஒரு வில்லின் விலையையும் ஒரு நாள் வாடகையையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையே ஓடும் சாரதிமார் முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போவது வழக்கம். நல்ல வழக்கம். பிள்ளையாரைச் சுற்றி வந்தபின், தமது லொறியையும் ஒரு முறை சுற்றி வரட்டும். வில்லில் துருக்கோடு உண்டா, யூ போல்ட்டில் பளபளப்பு உண்டா, பெட்டி சாய்ந்திருக்கின்றதா என்று குனிந்து பார்க்கட்டும். ஐந்து நிமிடம் போதும். வில் வாய் திறந்து பேசாது. பார்க்கின்றவருக்கே அது தன் நிலையைக் காட்டும்.