சாய்ந்த எழுத்து யாருக்குச் சொந்தம்?



ஆங்கில நூல்களில் வலப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும் எழுத்துகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. நூற்பெயர், பிறமொழிச் சொல், அழுத்திச் சொல்ல வேண்டிய சொல் ஆகியவற்றை அந்த எழுத்தில் அச்சிடுவது வழக்கம். அதற்கு 'இட்டாலிக்' என்று பெயர். இத்தாலி அதன் பிறப்பிடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால், அதைச் செதுக்கியவரின் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

வெனிஸ் நகரில் அல்டஸ் மனூட்டியஸ் என்ற புகழ்பெற்ற பதிப்பாளர் இருந்தார். அவருக்கு அச்செழுத்து செதுக்கிக் கொடுத்தவர் பொலோனியாவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்கால அறிஞர்கள் விரைந்து எழுதும் கையெழுத்தையே கிரிஃபோ மாதிரியாகக் கொண்டார். எஃகுத் தண்டின் முனையில் எழுத்தைத் தலைகீழ்ப் பிம்பமாகச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அதில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால்தான் ஓர் அச்செழுத்து பிறக்கும்.

நேராக நிற்கும் எழுத்தைச் சாய்த்துவிட்டால் இட்டாலிக் ஆகிவிடாது. சிறிய 'ஏ' எழுத்தைக் கவனியுங்கள். நேர் எழுத்தில் அதற்கு மேலே ஒரு வளைவு உண்டு. இட்டாலிக்கில் அந்த வளைவு இல்லை. கையால் எழுதுவது போன்ற வடிவமே இருக்கும்.

1501ஆம் ஆண்டு, கவிஞர் வர்ஜிலின் படைப்புகள் முழுவதும் இந்த எழுத்தில் வெளிவந்தன. கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய நூல் அது. அதில் சிற்றெழுத்துகள் மட்டுமே சாய்ந்திருந்தன. பெரிய எழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. செதுக்கிய கைக்கு அந்நூலிலேயே அல்டஸ் புகழுரை சூட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் 1502இல் வெனிஸ் ஆட்சி மன்றம் அந்த எழுத்துக்கான தனியுரிமையை அல்டஸுக்கே வழங்கியது. பணம் போட்டவருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. உழைத்தவரோ, தாம் செதுக்கிய எழுத்தை வெனிஸில் வேறு எவருக்கும் கொடுக்க முடியாத நிலைக்கு ஆளானார். கிரிஃபோ அந்நகரை விட்டு வெளியேறி, ஃபானோ என்ற ஊரில் கெர்ஷோம் சொன்சினோ என்ற அச்சகத்தாருடன் சேர்ந்தார். இந்த எழுத்தை உருவாக்கியவர் கிரிஃபோதான் என்று 1503இல் ஒரு நூலின் முன்னுரையில் சொன்சினோ வெளிப்படையாக எழுதினார். 1516இல் கிரிஃபோ பொலோனியாவில் சொந்தமாகவே நூல்களை அச்சிட்டார்.

தனியுரிமையால் அல்டஸுக்கு முழுப் பயன் கிடைத்ததா? அதுவும் இல்லை. பிரான்சின் லியோன் நகர அச்சகத்தார் அந்த எழுத்தைப் போலச் செய்து நூல்களை விற்றார்கள். அந்நூல்களிலுள்ள பிழைகளைப் பட்டியலிட்டு 1503இல் அல்டஸ் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். அவர்களோ அந்தப் பட்டியலைப் பார்த்தே தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்!

காலம் அல்டஸின் பெயரை மறக்கவில்லை. 1985இல் 'பேஜ்மேக்கர்' மென்பொருளை வெளியிட்ட நிறுவனம் அல்டஸ் என்ற பெயரையே சூட்டிக்கொண்டது. தமிழ் ஏடுகள் பலவும் பின்னாளில் அதில்தான் பக்கம் அமைத்தன. செதுக்கியவரின் பெயரோ அச்சுக்கலை நூல்களுக்குள் ஒடுங்கிப்போனது.

கூலி கொடுத்ததோடு கடன் தீர்ந்துவிடுவதில்லை, நேயர்களே. ஒரு பொருளை விற்கும் உரிமை முதலாளிக்குப் போகலாம். அதை உருவாக்கியவர் என்ற பெயர், உருவாக்கியவருக்கே உரியது. அதைச் சொல்ல எந்த மன்றத்தின் ஆணையும் தேவையில்லை.